கிளித்தட்டுக்கு ஒரு மாலைப்பொழுது

வாழைச்சேனையில் சிறுவர்களின் மாலை நேரத்தை ரியூசன் வகுப்பும் கைபேசியும் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும் வீடுகளில் விளையாட்டு ஏறக்குறையக் குற்றமாகிவிடுகிறது.

5 முதல் 17 வயது வரையானோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க உடலை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூன்று, நான்கு வயதினருக்கு எந்த வேகத்திலானாலும் நாளொன்றுக்கு 180 நிமிட உடலசைவு வேண்டும் என்பது 2019இல் அது வெளியிட்ட பரிந்துரை. இதற்கு உடற்பயிற்சிக் கருவி எதுவும் தேவையில்லை.

கிளித்தட்டு விளையாட்டையே பாருங்கள். மண்ணில் காலால் கிழித்த கோடுகள் போதும். மறிப்பவர் கோட்டைவிட்டு விலகக்கூடாது. நடுக்கோட்டில் ஓடும் கிளி எந்தப் பக்கமிருந்தும் வந்து தொட்டுவிடும். உள்ளே நிற்கும் பிள்ளை குனிகிறது, ஏமாற்றுகிறது, சட்டென்று திரும்பிப் பாய்கிறது. வேகமும் சமநிலையும் கூட்டாளியோடு கண்ணால் பேசும் வித்தையும் ஒரே ஆட்டத்தில் கிடைக்கின்றன. கெந்திப் பாயும் எட்டுக்கோடு விளையாட்டு ஒற்றைக் காலுக்கு வலுவூட்டுகிறது.

பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியில் வேகமாக ஓடுபவர்கள்தாம் பெயர் பெறுகிறார்கள். மற்றவர்கள் கொட்டகையில் கைதட்டுகிறார்கள். எல்லாப் பிள்ளைகளும் விளையாடும் பழக்கத்தை முன்பள்ளி ஆசிரியர்கள் நினைத்தால் தொடக்கிவைக்கலாம்: எழுத்துப் பயிற்சியில் அரைமணியைக் குறைத்துப் பிள்ளைகளை முற்றத்துக்கு விடட்டும். வாழைச்சேனைக்குரிய கோறளைப்பற்று பிரதேச சபை, மைதானங்களில் மாலை ஒரு மணிநேரத்தைப் பத்து வயதுக்குட்பட்டோருக்கென ஒதுக்க வேண்டும். பெரியவர்களின் கிரிக்கெட் அதுவரை பொறுக்கட்டும்.