பாயன்று, கயிறு

கடற்கதைகளின் தமிழாக்கங்களைப் படிக்கையில் ஓரிடத்தில் நாம் இடறி விழுகிறோம். 'ஷீட்' என்ற சொல் வருமிடம் அது. அண்மையில் படித்த ஒரு நூலில், காற்று முற்றிக் கப்பல் சாய்கிறது. தலைவன் 'ஷீட்'டை நெகிழ்த்தச் சொல்கிறான். தமிழில் அவன் "பாயை அவிழ்த்து விடுங்கள்" என்கிறான்! மூலத்தில் அவன் கேட்டது, பாயின் கீழ்மூலையில் கட்டிய கயிற்றைச் சற்றே விட்டுக்கொடுக்கும்படி. அக்கயிற்றை இழுத்தால் பாய் காற்றைப் பிடிக்கும். நெகிழ்த்தினால் காற்று வழிந்துபோய்ச் சாய்ந்த கலம் நிமிரும். கப்பலோட்டியின் கைத்திறன் முழுவதும் அந்தக் கயிற்றில்தான் இருக்கிறது.

மொழிபெயர்ப்பாளரை மட்டும் நோவதற்கில்லை. துணியைக் குறிக்கும் சொல் கயிற்றுக்கு எப்படி வந்தது? பழைய ஆங்கிலத்தில் 'ஷேயாட்டா' என்பது பாயின் கீழ்மூலை. அதில் கட்டிய கயிறு 'ஷேயாட்லீனெ', அதாவது மூலைக்கயிறு. நாளடைவில் கயிறு என்ற பின்பாதி உதிர்ந்து, மூலையின் பெயரே கயிற்றின் பெயராயிற்று. படுக்கை விரிப்பைக் குறிக்கும் 'ஷீட்' இதற்கு நெருங்கிய உறவு. டச்சு மொழியில் இதன் இனச்சொல்லான 'ஸ்ஹோட்' இன்றும் மடியையும் குறிக்கும், இக்கயிற்றையும் குறிக்கும். மடி, முந்தானை என்று துணியின் ஓரங்களுக்குத் தனிப்பெயர் வைத்த நமக்கு இது விளங்காததல்ல. பிரெஞ்சில் இக்கயிறு 'எகூத்'. 'கேள்' என்ற ஏவலுக்கும் அதே எழுத்துகள்தாம். அங்கே என்னென்ன விபரீதங்கள் நேருமோ!

குடிவெறியில் தள்ளாடுபவனை 'மூன்று ஷீட்டுகள் காற்றில்' என்பது ஆங்கில வழக்கு. கயிறுகள் கைநழுவிப் பாய் படபடக்க, கலம் தள்ளாடும் காட்சி அது. ஸ்டீவன்சனின் 'புதையல் தீவு' (1883) நாவலில் சில்வர் தன் ஆட்களின் குடியைப் பற்றிப் பேசும்போது எடுப்பதும் இந்தச் சொல்லைத்தான். இங்கே 'துணி' என்றோ 'தாள்' என்றோ பெயர்த்தால் ஒன்றும் மிஞ்சாது.

பாயேற்றும் கயிற்றுக்கு ஆஞ்சான், குறுக்குமரத்துக்குப் பருமல் என்று சொல் வைத்திருக்கும் மொழி நம்முடையது. ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' (2004) வந்த பின்னும் கடற்சொல் தமிழில் இல்லை என்பது சோம்பல். பாயோட்டிய முதியவர்கள் கரையோர ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர் அவர்களிடம் கேட்டு எழுதலாம். அதற்கு வழியில்லையெனில் 'பாய்மூலைக் கயிறு' என்று எழுதினாலும் போதும்.