பழைய பிக்கப் வண்டியும் குடியானவர் கணக்கும்

கொங்கு நாட்டுக் குடியானவர் சந்தையில் காளை வாங்கும்பொழுது காட்டும் விழிப்பு யாவரும் அறிந்ததே. கண்ணபுரத்திலோ அந்தியூரிலோ ஒரு காங்கேயம் காளையை வாங்குமுன் அவர் பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், நடத்திப் பார்ப்பார், விற்பவருடைய ஊராரை விசாரிப்பார், அதன் பின்னரே துண்டின் மறைவில் விரல் பிடித்து விலை பேசுவார். அதே குடியானவர் பழைய பிக்கப் வண்டி வாங்கப் போனால், புதிதாய்ப் பூசிய பெயிண்டையும் தரகர் வாய்ச்சொல்லையும் நம்பி, ஒரு மணி நேரத்தில் முன்பணம் கொடுத்துவிட்டுத் திரும்புகிறார். காளையிடம் காட்டிய விழிப்பை வண்டியிடம் ஏன் காட்டலாகாது என்பதே என் கேள்வி.

தோட்டக்காரருக்குச் சொந்த வண்டி வேண்டும் என்னும் ஆசை தவறன்று. கிணத்துக்கடவுத் தக்காளியும், தொண்டாமுத்தூர்க் காய்கறியும், காரமடைக் கறிவேப்பிலையும் வாடகை வண்டி வரும் வரை காத்திருப்பவை அல்ல. 1999-ஆம் ஆண்டில் உழவர் சந்தைகள் ஏற்பட்டது முதல், பொழுது விடியுமுன் சரக்கைத் தாமே கொண்டுபோய்ச் சேர்ப்பவருக்கு வியாபாரம் கூடிற்று. 2005-ஆம் ஆண்டில் டாடா ஏஸ் என்னும் சிறு வண்டி வந்தது. இரண்டு சிலிண்டர் டீசல் இயந்திரம் பூட்டிய அவ்வண்டி நம் இட்டேரிகளிலும் நுழைந்து புறப்படவே, ஜனங்கள் அதற்குக் 'குட்டி யானை' என்று பெயரிட்டனர். பின்னர்ப் பெரிய பிக்கப் வண்டிகளும் பெருகின. அவற்றுள் வயதேறியவை இன்று கைமாறும் சந்தைக்கு ஏராளமாய் வருகின்றன.

பழைய வண்டி வாங்குவது கௌரவக் குறைவு என்று நான் கருதவில்லை. கடன் பட்டுப் புதியது வாங்குவதிலும் அது பலருக்குச் சிலாக்கியமானதே. ஆயினும் விற்பவர் சொல்லும் தொகை வண்டியின் விலையாகாது. அதனுடன் மராமத்துச் செலவையும் கூட்டிய தொகையே உண்மையான விலை. இயந்திரத்தை மாற்றலாம், டயரை மாற்றலாம். அடிச்சட்டத்தையும் ஆவணத்தையும் மாற்ற இயலாது. ஆகவே அவ்விரண்டையும் பார்த்து வாங்குக.

முதலில் கணக்கு. கீழே காண்பவை விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட தொகைகளே. தத்தம் ஊர் நிலவரத்துக்குத் தக்கவாறு மாற்றிக்கொள்க. வண்டிக் கிரயம் 2,00,000 ரூபாய், மராமத்து 80,000 ரூபாய், ஆக 2,80,000 ரூபாய். ஏழு ஆண்டுகள் ஓடுமெனில் ஆண்டுக்கு 40,000 ரூபாய் முதலில் கழியும். காப்பீடு, வரி, எஃப்.சி., டயர், சில்லறை ரிப்பேர் ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு 45,000 ரூபாய் வைத்தால் மொத்தம் 85,000 ரூபாய். வாடகை வண்டிக்கு ஒரு நடைக்கு 1,000 ரூபாயும், சொந்த வண்டிக்கு டீசல் 450 ரூபாயும் ஆனால், தாமே ஓட்டுபவருக்கு நடை ஒன்றுக்கு 550 ரூபாய் மிச்சம். இக்கணக்குப்படி ஆண்டுக்கு 155 நடை, அதாவது வாரத்துக்கு மூன்று நடை ஓடினால்தான் கைக்கும் வாய்க்கும் சரியாகும். வட்டியை நான் சேர்க்கவில்லை. வருஷத்தில் நாற்பது நடைக்கு மட்டும் சரக்குள்ளவர் வாடகைக்கே அமர்த்திக்கொள்வது விவேகம். அல்லது அண்டைத் தோட்டக்காரர் மூவர் நால்வர் கூடி, செலவுப் பங்கையும் முறை நாளையும் எழுத்தில் வைத்துக்கொண்டு, ஒரே வண்டி வாங்கலாம்.

அடுத்தது ஆவணம். ஆர்.சி. புத்தகத்திலுள்ள சேசிஸ் எண்ணையும் இயந்திர எண்ணையும் வண்டியில் பொறித்துள்ளவற்றோடு ஒப்பிடுக. கடன் குறிப்பு இருந்தால், வங்கியின் சம்மதமும் 35-ஆம் படிவமும் கைக்கு வரும் வரை பணத்தை முழுதும் கொடுக்கலாகாது. வரிப் பாக்கி, அபராதப் பாக்கி, காப்பீடு, எஃப்.சி. முடியும் தேதி இவற்றையும் காண்க. சரக்கு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டாண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. புதுப்பிக்க வேண்டும், வயது ஏற ஏறக் கட்டணமும் ஏறும். 29, 30-ஆம் படிவங்களில் கையெழுத்து வாங்கிப் பெட்டியில் பூட்டி வைப்பது போதாது. வாங்கியவர் 30 நாட்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு மனுச் செய்ய வேண்டும். விற்பவருக்கும் இதில் அக்கறை உண்டு. வண்டி கைமாறியிருந்தும் புத்தகத்தில் எவர் பெயர் உள்ளதோ அவரே விபத்துக்குப் பொறுப்பாளி என்று 2018-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்துள்ளது.

மூன்றாவது சோதனை. இதில் என் தவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் தக்காளி பயிரிடும் அன்பர் ஒருவர் வண்டி பார்க்க என்னையும் உடன் அழைத்துச் சென்றார். நான் இயந்திரத்தின் ஓசையைக் கேட்டுத் திருப்தியடைந்தேன். மண்ணில் படுத்து அடியைப் பார்க்கவில்லை. எஃப்.சி.க்குப் போனபோது, பின்பட்டை பொருந்துமிடத்தில் அடிச்சட்டம் விரிந்து, பற்றவைத்து, மேலே கறுப்பு மை பூசியிருந்தது தெரிந்தது. வண்டி பட்டறையில் கிடந்த இருபது நாளும் அவருக்கு அறுவடை நாட்கள். பழம் கொடியிலேயே கனிந்து வீணானதைப் பார்த்துக்கொண்டு அவர் என்னை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

ஆகையால் முதலில் வண்டியின் அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். வெடிப்பு, துரு, புதுப் பற்றவைப்பு, வளைந்த சட்டம் இருந்தால் எவ்வளவு மலிவாயினும் விட்டுவிடுக. காலையில், இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதே, முதல் தடவை கிளப்பிப் பார்க்க வேண்டும். சூடேற்றி வைத்திருந்தால் சந்தேகம் கொள்க. நீலப்புகை எண்ணெய் எரிவதையும், கரும்புகை டீசலுக்கு ஏற்ற காற்று கிடையாமையையோ தெளிப்பான் கோளாற்றையோ காட்டும். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை வேகமாய்ச் சீறுமாயின் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்தன எனலாம். ஆயில் மோர்போல் வெளுத்திருந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது. டயர் ஒருபுறம் மட்டும் தேய்ந்திருப்பின் முன் அச்சைச் சோதிக்கவும். சுமையேற்றி ஒரு மேட்டில் ஓட்டிப் பார்க்காமல் விலை பேச வேண்டாம்.

மராமத்துக்கும் ஒரு வரிசை உண்டு. பிரேக், ஸ்டீயரிங், டயர், விளக்கு ஆகியவை முதலில், இயந்திரமும் கிளச்சும் அடுத்து, பெயிண்ட் கடைசியில். நம்மவர் பலர் இவ்வரிசையைத் தலைகீழாய்ச் செய்கின்றனர். கதவு, பம்பர், கண்ணாடி முதலியவற்றைப் பழைய சாமான் கடையில் வாங்கலாம். பிரேக், ஸ்டீயரிங் உறுப்புகளில் பழையது வாங்குவது உயிரோடு விளையாடுவதாகும். விற்பவர் என்ன சொன்னபோதிலும் ஆயில், வடிகட்டிகள், பெல்ட் இவற்றை உடனே மாற்றி, தேதியையும் கிலோமீட்டரையும் நோட்டில் குறிக்கவும். பழைய பம்பு முறை டீசல் இயந்திரத்தை உள்ளூர்ப் பட்டறையிலேயே சரிசெய்யலாம். 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ். 6 வண்டிகளின் கோளாற்றை அறியக் கணினிக் கருவி வேண்டும். அது அருகில் உண்டா என்று பார்த்தே வாங்குக.

பட்டறைக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை. கலங்கலில் 1893-இல் பிறந்த ஜி.டி. நாயுடு இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டி இயந்திர நுட்பம் கற்றார். 1920-இல் ஒரே பஸ்ஸை வைத்துக்கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே போக்குவரத்தைத் தொடங்கினார். லேத்தும் வார்ப்படமும் தெரிந்த கைகள் கோவையில் இன்றும் நிறைய உண்டு. அக்கைகளிடம் வண்டியை விட்டுவிட்டு வந்துவிடாமல் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளும் குடியானவருக்கே பழைய வண்டி பயன்படும்.

இறுதியாக ஒன்று. சரக்கு ஏற்றிய வண்டியில் களையெடுக்கும் பெண்களையும் குழந்தைகளையும் ஏற்றிச் செல்லும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. சரக்குக்கு உடையவரோ அவர் பிரதிநிதியோ அல்லாமல் சும்மா ஏறிவருவோருக்குச் சரக்கு வண்டியின் கட்டாயக் காப்பீடு பொறுப்பேற்காது என்று 2002-இல் சுப்ரீம் கோர்ட்டு விளக்கியுள்ளது. ஒரு விபத்து நேர்ந்தால் ஏழைக் குடும்பம் நிர்க்கதியாகும். வண்டிக்காரரின் தோட்டமும் ஏலத்துக்கு வரலாம். கிராம அதிகாரிகள் இதனைத் தம் ஊராருக்கு எடுத்துச் சொல்லும் கடமையுடையவர்கள்.

குடியானவ அன்பர்களே, காளைக்குப் பார்த்த சுழியை வண்டிக்கும் பாருங்கள். கணக்குப் போட்டு, காகிதம் பார்த்து, அடியில் படுத்துப் பார்த்த பின் வேண்டாமென்று திரும்புவதும் லாபமே.