இடுப்பு ஏறினால் தோள் இறங்கும்

போன ஜனவரி ஒண்ணாம் தேதி ஊரே டைரி எழுதவும் வாக்கிங் போகவும் சபதம் எடுத்துக் கொண்டிருந்தபோது, நான் ஸ்டேஷனரி கடைக்குப் போய் கோடு போடாத நோட்டு ஒன்றும் 2பி பென்சில் இரண்டும் வாங்கி வந்தேன்.

"தினமும் அஞ்சு மனுஷங்களை வரையப் போறேன்" என்று வீட்டில் அறிவித்தேன்.

"அதுக்கு முன்னாடி கேஸ் புக் பண்ணிடுங்க" என்றாள் மனைவி.

அவளைக் குறை சொல்ல முடியாது. எனக்கும் ஓவியத்துக்கும் இருந்த சம்பந்தம் எட்டாம் வகுப்போடு அறுந்து போனது. அப்புறம் பி.காம். அந்த மூன்று வருஷத்தில் நான் வரைந்த ஒரே படம் பேலன்ஸ் ஷீட்டின் நடுவே ஒரு நேர்கோடு. அதுவும் ஸ்கேல் வைத்து.

நோட்டுக்கு மூன்று சட்டம் போட்டேன். ஒன்று, ரப்பர் கூடாது. இரண்டு, ஒரு படத்துக்கு இரண்டு நிமிஷம்தான். மூன்று, ஒவ்வொரு படத்துக்கும் கீழே தேதி. மூன்றாவது சட்டம் பி.காம். புத்தி. தேதி இல்லாத வவுச்சர் செல்லாது!

இரண்டு நிமிஷக் கணக்கு என் கண்டுபிடிப்பு இல்லை. ஓவியக் கல்லூரிகளில் மாடலை நிற்க வைத்து முப்பது விநாடி, ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் என்று விரட்டுவார்கள். சட்டைப் பட்டன், மீசை என்று நகாசு வேலைக்கு நேரமே கிடைக்கக் கூடாது. ஆள் என்ன செய்கிறார் (சாய்கிறாரா, இழுக்கிறாரா, தூங்கி விழுகிறாரா) என்பது மட்டும் காகிதத்தில் சிக்கினால் போதும்.

என் மாடல்கள் தாம்பரம்–பீச் மின்சார ரயிலில் வருகிறவர்கள். சம்பளம் கேட்க மாட்டார்கள். ஆனால் நான் முழங்காலுக்கு வருவதற்குள் பல்லாவரத்தில் இறங்கி விடுவார்கள். ஒருநாள் பக்கத்து சீட் பெரியவர் எட்டிப் பார்த்தார்.

"யாருங்க இது?"

"எதிர்ல உட்கார்ந்திருக்காரே, அவர்தான் சார்."

எதிரே பார்த்தார். நோட்டைப் பார்த்தார். "பாவம், நல்லாத்தானே இருக்காரு!"

என்ன கோளாறு என்று அளந்து பார்த்தபோது புரிந்தது. எல்லாருக்கும் தலை பெரிசு. பேசும்போது நாம் முகத்தையே பார்க்கிறோம், அதனால் மனசில் முகம்தான் இடத்தை அடைத்துக் கொள்கிறது. நிஜத்தில் வளர்ந்த மனிதனின் உயரம் சுமாராக ஏழரைத் தலை. (ஏழரை என்றதும் சனியை நினைக்க வேண்டாம்.) பிறந்த குழந்தைக்கு நாலு தலை. நான் போட்டவர்கள் எல்லாரும் ஐந்து. சிற்ப சாஸ்திரத்தில் முகத்தின் நீளத்தைத் தாளம் என்பார்கள். பெரிய தெய்வங்களுக்குப் பத்துத் தாளம் வரை உண்டு. பிள்ளையாருக்கு ஐந்து. ஆக, ஒரு மாசமாக ரயிலில் வந்த அத்தனை பேரையும் நான் பிள்ளையாராக்கிக் கொண்டிருந்திருக்கிறேன்!

தலை சரியானதும் அடுத்த கோளாறு. என் ஆட்கள் லைட் கம்பம் மாதிரி நின்றார்கள். மருந்து, எழும்பூர் மியூசியத்தின் செப்புத் திருமேனிகளிடம் கிடைத்தது. ஒரு பார்வதிக்கு எதிரே நோட்டோடு நின்றேன். அம்மன் ஒரு காலில் உடல் எடையைப் போட்டு நிற்கிறாள். எந்தக் கால் எடை தாங்குகிறதோ அந்தப் பக்கம் இடுப்பு ஏறுகிறது, அதே பக்கம் தோள் இறங்குகிறது. ஸ்தபதிகள் இதைத் திரிபங்கம் என்கிறார்கள். எனக்குப் பளிச்சென்று உறைத்தது. அட, இது டபுள் என்ட்ரி! ஒவ்வொரு டெபிட்டுக்கும் ஒரு கிரெடிட். டேலி ஆகிறதா என்று பார்க்கவும் வழி உண்டு. கழுத்துக் குழியிலிருந்து கொத்தனார் மாதிரி தூக்குக்குண்டு விட்டால், எடை தாங்கும் பாதத்தின் மேல் வந்து விழ வேண்டும். இல்லாவிட்டால் படத்தில் இருப்பவர் விழுந்து விடுவார்.

ஜுரம், மழை என்று நோட்டைத் திறக்கச் சோம்பலாக இருந்தால் ஓவியர் கோபுலுவை நினைத்துக் கொள்வேன். பக்கவாதத்தில் வலது கை போன பிறகு இடது கையால் பழகி மறுபடி வரைந்தவர். எனக்கு இரண்டு கையும் இருக்கிறது. எனவே ரயில் இல்லாத நாட்களில் அப்பாவை வரைய ஆரம்பித்தேன். ஃபீஸ் ஒரு காபி.

அப்பா குழாயடியில், அப்பா கேட் பக்கம், அப்பா பேப்பர்காரனுக்காகக் காத்துக் கொண்டு. ஏப்ரலில்தான் கவனித்தேன். எல்லாப் படத்திலும் இடது காலில் நிற்கிறார். கை ஒரே அச்சுக்குப் பழகி விட்டது என்று என்னையே திட்டிக் கொண்டு, மறுநாள் எடையை வலது காலுக்கு மாற்றிப் போட்டேன். இடுப்பு, தோள், தூக்குக்குண்டு எல்லாம் பக்காவாக டேலி. ஆனால் அது அப்பா இல்லை.

நிமிர்ந்து பார்த்தேன். நிற்கிற மனுஷன் கொஞ்ச நேரத்தில் கால் மாற்றி நிற்பான். அப்பா பத்து நிமிஷம் மாற்றவே இல்லை. வலது குதிகால் தரையில் பட்டும் படாமலும் இருந்தது. நோட்டைப் பின்னால் புரட்டினேன். ஜனவரியில் இரண்டு காலும் மாறி மாறி வருகிறது. பிப்ரவரி நடுவிலிருந்து இடது மட்டும்.

"அப்பா, வலது முட்டி வலிக்குதா?"

"யார்டா சொன்னா?"

"நோட்டு."

வாங்கிப் புரட்டினார். ரொம்ப நேரம் பேசவில்லை. "மாடிப்படி ஏறினா சுருக்குங்கும். உனக்கு எதுக்கு வீண் செலவுன்னு..." என்று இழுத்தார்.

எக்ஸ்ரே எடுத்ததில் மூட்டுத் தேய்மானம். தொடைக்கு உடற்பயிற்சி, ஒரு கைத்தடி. வலது முட்டிக்குத் தடியை இடது கையில் பிடிக்க வேண்டுமாம். அங்கேயும் டபுள் என்ட்ரி!

ஒரே வீடு. தினமும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறோம். இரண்டு மாசமாக நொண்டியவரை நான் பார்க்கவில்லை. என் பென்சில் பார்த்தது. நானோ அதைத் தப்பென்று திருத்தப் போனேன். உங்கள் வீட்டிலும் யாராவது கேட் பக்கம் நின்று கொண்டிருப்பார்கள். படம் கோணினால் பரவாயில்லை, ஒரு இரண்டு நிமிஷம் வரைந்து பாருங்கள்.

இப்போதெல்லாம் நான் நோட்டைத் திறந்தாலே அப்பா தடியைக் கதவுக்குப் பின்னால் ஒளித்து விட்டு, இரண்டு காலையும் ஊன்றி என்.சி.சி. கேடட் மாதிரி விறைப்பாக நிற்கிறார்.

பொய்க் கணக்கு. இடது தோள் இறங்கியிருக்கிறது.