கணக்கில் புலியாக இருந்தால்தான் பிள்ளையா?

2016இல் வெளிவந்த 'தி அக்கவுண்டண்ட்' திரைப்படத்தைப் பெற்றோர் சிலர் மெச்சுகின்றனர். என்னால் இயலவில்லை. ஆட்டிசம் உடைய கணக்காளராக வரும் பென் அஃப்லெக், பல்லாண்டுக் கணக்கேடுகளை ஓரிரவில் அலசுகிறார். குறி தவறாமல் சுடுகிறார். இராணுவத் தந்தையோ, பேரொலியும் கூசும் ஒளியும் தாங்காத மகனுக்கு அவற்றையே மேலும் தரவேண்டும் என்கிறார். சண்டை பயில வைக்கிறார். அதன் பயனே இந்த வீரன் என்கிறது படம். அது மருந்தன்று, வதை!

1988இல் வந்த 'ரெயின் மேன்' முதலே திரையுலகம் அதிசயத் திறனைத்தான் காட்டுகிறது. அத்திறன் இல்லாத பிள்ளைகளே மிகுதி.

ஆசிரியர்களே, பெற்றோர்களே! காதைப் பொத்திக்கொள்ளும் மாணவனுக்கு வேண்டியது அமைதியான ஒரு மூலை. வாய்பாட்டில் தடுமாறினாலும் அவன் நம் பிள்ளையே.