எவ்வளவு ஈயம் என்று தெரிந்தால் மட்டும் போதுமா?

உங்கள் குடியிருப்பு வட்டார விளையாட்டுத் திடலின் மண்ணில் ஈயம் கலந்திருப்பதாகத் தெரியவருகிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லார் விரலும் பக்கத்துத் தொழிற்சாலையை நோக்கி நீளும். அதன் நிர்வாகமோ, “பழைய கட்டடங்களின் சாயத்திலிருந்து வந்திருக்கும்” என்று கைகழுவும். மண்ணில் எத்தனை மில்லிகிராம் ஈயம் என்று மட்டும் சொல்லும் அறிக்கையால் இந்த வழக்கைத் தீர்க்க முடியாது.

சாட்சி அந்த ஈயத்துக்குள்ளேயே இருக்கிறது. ஈயத்துக்கு இயற்கையில் நான்கு நிலையான ஐசோடோப்புகள் உண்டு: 204, 206, 207, 208. எல்லாவற்றிலும் புரோட்டான்கள் 82. நியூட்ரான்களின் எண்ணிக்கைதான் வேறு. யுரேனியம் சிதைந்து 206, 207 ஆகியவையும், தோரியம் சிதைந்து 208-உம் காலப்போக்கில் பெருகின. அதனால் தாது எப்போது, எங்கே உருவானது என்பதைப் பொறுத்து இவற்றின் விகிதம் மாறுபடும். உருக்கினாலும் எரித்தாலும் அந்த விகிதம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். நிறை நிறமாலைமானி என்ற கருவி அதை அளந்துவிடும்.

லண்டனைப் பாருங்கள். பிரிட்டன் 1999-இல் ஈயம் கலந்த பெட்ரோலைத் தடைசெய்தது. ஆனால், 2014 முதல் 2018 வரை அந்நகரக் காற்றில் சேகரித்த துகள்களை இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் சோதித்தார்கள். துகள்களில் இருந்த ஈயத்தில் 40 விழுக்காடு வரை அந்தப் பழைய பெட்ரோலின் எச்சம் என்று 2021-இல் அறிவித்தார்கள். மண்ணிலும் சாலைத் தூசியிலும் படிந்த ஈயம் மீண்டும் மீண்டும் காற்றில் எழுகிறது. இன்றைய புகைபோக்கிகளை மட்டும் கட்டுப்படுத்தினால் அது குறையுமா? மண்ணையும் கவனிக்க வேண்டும்.

ஆகவே, நச்சு உலோகம் கண்டறியப்படும் இடங்களில் “எவ்வளவு?” என்பதோடு “எங்கிருந்து?” என்ற கேள்வியையும் அதிகாரிகள் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. சோதனைக்குச் செலவாகும்தான். தவறான இடத்தைத் துப்புரவு செய்தாலும் செலவாகும்; அதில் நஞ்சும் நீங்காது.

ஆனால், இந்த விகிதம் கைரேகை அன்று. ஒரே சுரங்கத்து ஈயத்தை வாங்கும் இரண்டு ஆலைகளை அதனால் பிரித்தறிய முடியாது. மறுசுழற்சி செய்த மின்கலங்களில் பல சுரங்கங்களின் ஈயம் கலந்திருக்கும். எனவே காற்றின் திசை, நிலத்தின் பழைய பயன்பாடு ஆகியவற்றையும் சேர்த்தே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். திடலில் விளையாடும் பிள்ளைகளுக்குத் தேவை ஊகம் அல்ல, ஆதாரம்.