மின்சார 'டர்ட் பைக்': வாகனம் தயார், தடம் எங்கே?

பெங்களூரு: சேறு, மணல், கல் நிறைந்த கரடுமுரடான தடங்களில் ஓட்டுவதற்கென வடிவமைக்கப்படும் 'டர்ட் பைக்' மோட்டார் சைக்கிள்களும் மின்சாரத்துக்கு மாறத் தொடங்கியுள்ளன. பெங்களூருவைச் சேர்ந்த அல்ட்ராவயலெட் நிறுவனம் 2025 மார்ச்சில் 'ஷாக்வேவ்' என்ற மின்சார மோட்டார் சைக்கிளை அறிமுகப்படுத்தியது. சாலை, காட்டுத் தடம் இரண்டிலும் ஓடும் இதன் விலை முதல் ஆயிரம் பேருக்கு ரூ.1.5 லட்சம் என்றும், பிறகு ரூ.1.75 லட்சம் என்றும் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில் ஹீரோ மோட்டோகார்ப்பின் 'விடா' பிரிவு, சிறுவர்களுக்கென ஏறத்தாழ ரூ.70 ஆயிரம் விலையில் சிறிய மின்சார டர்ட் பைக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

தொழில்நுட்பம் ஏறக்குறைய கைகூடிவிட்டது. ஆனால், இவற்றை எங்கே ஓட்டுவது, யார் ஓட்டுவது என்ற கேள்விக்குத்தான் நாட்டில் தெளிவான விடை இல்லை.

இந்த வாகனம் பெங்களூருவில் பிறந்ததில் வியப்பில்லை. ரேவா மின்சார கார் 2001-ல் இங்கிருந்துதான் வந்தது. சென்னை ஐஐடியில் பயின்றவர்கள் 2013-ல் தொடங்கிய ஏத்தர் எனர்ஜியின் தலைமையகம் இங்கே, ஆலை ஒசூரில். மின்சார வாகனங்களுக்கெனத் தனிக் கொள்கையை 2017-லேயே அறிவித்த மாநிலம் கர்நாடகம். மறுபுறம், கடினமான டக்கார் பந்தயத்தை 2015-ல் முழுமையாக ஓட்டி முடித்த முதல் இந்தியரான சி.எஸ்.சந்தோஷும் இந்நகரத்தவரே. மென்பொருள் ஊதியமும் பந்தய ஆர்வமும் கொண்ட இளைஞர் கூட்டத்துக்கு இங்கு பஞ்சமில்லை.

இழுவையும் எடையும்: மின் மோட்டாரின் பெரும் பலம், நின்ற நிலையிலிருந்தே முழு இழுவையையும் தருவது. கிளட்ச் இல்லை, கியர் இல்லை; செங்குத்தான மேட்டில் வண்டி அணைந்துபோகும் தொல்லையும் இல்லை. ஷாக்வேவின் எடை 120 கிலோ. ஏறத்தாழ அதே விலையில் பல ஆண்டுகள் விற்பனையான ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 பெட்ரோல் வண்டியின் எடை 160 கிலோவை ஒட்டியது. மணலில் கவிழ்ந்த வண்டியைத் தனியாளாகத் தூக்கி நிறுத்தியவர்களுக்கு இந்த 40 கிலோவின் அருமை தெரியும். அதே வேளையில், விளம்பரங்களில் பெரிதாகக் காட்டப்படும் 505 நியூட்டன் மீட்டர் என்ற அளவு சக்கரத்தில் கணக்கிடப்பட்டது. என்ஜினில் கணக்கிடப்படும் பெட்ரோல் வண்டிகளின் அளவோடு இதை நேரடியாக ஒப்பிடுவது சரியல்ல.

செலவுக் கணக்கும் மின்சாரத்துக்கே சாதகம். இந்த வண்டியின் பேட்டரி 4 யூனிட் மின்சாரத்தைச் சேமிக்கும். யூனிட்டுக்கு 7 ரூபாய் என்று கொண்டாலும் முழுமையாக நிரப்ப 30 ரூபாய்க்கு மேல் ஆகாது. ஆனால், இதே கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 யூனிட் ஆற்றல் உண்டு. என்ஜின் அதில் கால் பங்கைத்தான் சக்கரத்துக்குத் தருகிறது. மின் மோட்டாரோ பத்தில் ஒன்பது பங்குவரை தருகிறது. அப்படிப் பார்த்தாலும் முழு பேட்டரி என்பது ஒன்றரை லிட்டர் பெட்ரோலுக்குத்தான் சமம். சோதனைமுறைப்படி 165 கி.மீ. ஓடும் என்கிறது நிறுவனம். சேற்றிலும் ஏற்றத்திலும் அந்தத் தூரம் கிட்டாது. சக்லேஷ்பூர் மலைத் தடத்தில் பெட்ரோல் தீர்ந்தால் உடன் வந்தவரின் வண்டியிலிருந்து ஒரு பாட்டில் வாங்கிக்கொள்ளலாம். மின்சாரத்தைப் பாட்டிலில் வாங்க முடியாது.

பாதுகாப்புக் குறித்த அச்சமும் எளிதில் நீங்கக்கூடியதன்று. 2022 மார்ச்சில் வேலூரில் சார்ஜ் செய்துகொண்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றி, புகையில் தந்தையும் மகளும் மூச்சுத்திணறி இறந்தனர். அத்தகைய விபத்துகளுக்குப் பின்னரே பேட்டரிகளுக்கான 'ஏஐஎஸ் 156' விதிகளை மத்திய அரசு கடுமையாக்கியது. கல்லில் மோதி, ஓடையில் இறங்கி, தினமும் அதிர்ந்துகொண்டிருக்கும் பேட்டரிக்குச் சாலை ஸ்கூட்டரைவிடக் கூடுதல் கண்டிப்பு தேவை.

ஓசையின்மை வரமா?: மின்சார வண்டிக்குச் சொல்லப்படும் முதல் நற்சான்று அதன் அமைதி. பெட்ரோல் டர்ட் பைக்கின் இரைச்சலால் அல்லலுறும் கிராமத்தினருக்கு இது பெரும் நிம்மதி. ஆனால், காட்டு விளிம்பில் அமைதி இருமுனைக் கத்தி. பெங்களூருவின் தெற்கு எல்லையிலேயே யானைகள் நடமாடும் பன்னேர்கட்டா தேசியப் பூங்கா உள்ளது. வண்டி வருவதை விலங்கு அறியாது. வளைவுக்கு அப்பால் யானை நிற்பதை ஓட்டுபவரும் அறியார். பந்திப்பூர் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலைகளில் 2009 முதல் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துத் தடை நடைமுறையில் உள்ளதை உதகை, கூடலூர் பயணிகள் நன்கறிவர். புகை இல்லை, சத்தம் இல்லை என்ற காரணத்தைக் காட்டி வனத் தடங்களைத் திறந்துவிடக் கோருவது, அத்தடையின் நோக்கத்தையே மறப்பதாகும். டயர் அரிக்கும் மண்ணுக்கு அதைச் சுழற்றுவது பெட்ரோலா, மின்சாரமா என்ற வேறுபாடு கிடையாது.

மின்சார வாகனங்கள் செயற்கை ஒலி எழுப்ப வேண்டும் என மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2025 செப்டம்பரில் வெளியிட்ட வரைவு விதி, கார், பேருந்து, சரக்கு வாகனங்களை மட்டுமே குறிப்பிட்டது. இருசக்கர வாகனங்கள் அதில் இடம்பெறவில்லை.

சட்டத்தில் இடைவெளி: 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் சாலையை மனதில் வைத்து எழுதப்பட்டது. மூடிய வளாகத்துக்குள் மட்டும் பயன்படும் சிறப்பு வாகனத்துக்கும், 25 சிசிக்கு மேற்படாத சிறு வண்டிக்கும் அது விலக்களிக்கிறது. மின் மோட்டாருக்கு 'சிசி' கணக்கே கிடையாது. அதனால் 250 வாட்டுக்குக் குறைந்த திறன், மணிக்கு 25 கி.மீ.க்குக் குறைந்த வேகம் கொண்ட மின்சார வண்டிகளுக்கு விதிகளில் தனி விலக்கு சேர்க்கப்பட்டது. ஷாக்வேவ் போல முறைப்படி பதிவாகும் வண்டியால் இங்கு சிக்கல் இல்லை. 'சாலைக்கு அல்ல' என்று எழுதி விற்கப்படும், பதிவெண் இல்லாத வண்டி தெருவுக்கு வந்தால்தான் சிக்கல். விபத்தில் மூன்றாம் நபருக்குக் காப்பீடு இராது. ஓடிவிட்டால் அடையாளம் காண எண்ணும் இராது. ஓட்டியவர் சிறுவராயின், 2019 திருத்தத்தின்படி பெற்றோருக்கு மூன்றாண்டுவரை சிறையும் ரூ.25 ஆயிரம் அபராதமும் விதிக்கலாம். பொம்மை வாங்குவதாக நினைத்துக் கடைக்குச் செல்லும் எத்தனை தந்தையருக்கு இது தெரியும்?

பிரிட்டனில் இந்த நிலைமை முற்றிவிட்டது. 2023 மே மாதம் கார்டிஃப் நகரில் மின்சார பைக்கில் சென்ற இரு சிறுவர்கள் விபத்தில் இறந்ததைத் தொடர்ந்து கலவரம் மூண்டது.

வரிச் சலுகையிலும் ஒரு முரண் உண்டு. மின்சார இருசக்கர வாகனங்களுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். 350 சிசி வரையிலான பெட்ரோல் வண்டிகளுக்கு 2025 செப்டம்பரில் குறைக்கப்பட்ட பிறகும் 18 சதவீதம். அன்றாடம் வேலைக்குச் செல்பவரின் பெட்ரோல் செலவைக் குறைக்கத் தரப்படும் சலுகை, வார இறுதிப் பொழுதுபோக்குக்கும் அப்படியே கிடைக்கிறது.

கோலார் மாவட்டத்தில் சந்தோஷ் நிறுவிய 'பிக் ராக்' பயிற்சிக் களம் போன்ற தனியார் தடங்களே இப்போதைக்கு முறையான வழி. சிறுவர்களும் அங்கு பயிற்சியாளரின் கண்காணிப்பில் ஓட்டலாம். ஆனால், அத்தகைய களங்கள் நாட்டில் விரல்விட்டு எண்ணத்தக்கவை. தடம் அமைக்க நிலம் ஒதுக்குவது மாநில அரசின் கையில். பதிவில்லா வண்டிகளின் விற்பனைக்கு விதி வகுப்பது தில்லியின் கையில். விற்கும்போதே வயது, இடம் குறித்த உறுதிமொழியைக் கடைக்காரர் பெற வேண்டும் என்ற சிறு நிபந்தனைக்குப் பெரிய சட்டத் திருத்தம் எதுவும் தேவைப்படாது.