வேலியே பயிரை மேயும் வியாதி

அப்பாவுக்கு வந்த வியாதி மகளுக்கும் வந்தது. அதை மகளிடம் சொல்லாமல் மறைத்தார் தாயார்.

அந்த மகள், அமெரிக்காவின் பெயர் பெற்ற கதாசிரியை பிளானரி ஓ'கானர். அவருக்கு 15 வயதானபோது, 1941-ல், தந்தை "லூப்பஸ்" என்ற வியாதியால் இறந்தார். 1950-ம் ஆண்டுக் கடைசியில் மகளும் படுத்தார். மூட்டெல்லாம் வலி. காய்ச்சல். "வெறும் மூட்டுவாதம்தான்" என்று வீட்டில் சொல்லி வைத்தார்கள். 1952-ல் ஒரு தோழி சொல்லித்தான் அவருக்கு உண்மை தெரிந்தது. 1964-ல் 39 வயதில் அவர் இறந்தார்.

தாயார் மறைத்ததில் ஆச்சரியம் இல்லை. அந்தக் காலத்தில் லூப்பஸ் என்றாலே எமன் ஓலைதான். 1955-ல் அமெரிக்க டாக்டர்கள் கணக்குப் பார்த்தார்கள். வியாதி இன்னதென்று தெரிந்த 4 ஆண்டுகளுக்குள் ஏறக்குறையப் பாதிப் பேர் இறந்திருந்தார்கள்!

இன்று? நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் 10 பேரில் சுமார் 9 பேர் 10 ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள்.

ஓநாய் என்று பெயர்

"லூப்பஸ்" என்பது லத்தீன் சொல். ஓநாய் என்று அர்த்தம். முகத்தில் வரும் புண், ஓநாய் கடித்தது போல் இருந்ததாம்!

இது தொத்து வியாதி அல்ல. உடம்புக்குள் ஒரு காவல் படை இருக்கிறது. கிருமி வந்தால் விரட்டுவது அதன் வேலை. லூப்பஸ் வந்தவர்களுக்கு, அந்தப் படை சொந்த உடம்பையே பகைவன் என்று நினைத்துத் தாக்குகிறது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

இந்த வியாதி வந்தவர்களில் 10-ல் 9 பேர் பெண்கள். பெரும்பாலும் வாலிப வயதினர்.

அலுப்பு, மூட்டு வலி, வாய்ப்புண், முடி கொட்டுதல், விட்டு விட்டுக் காய்ச்சல். சிலருக்கு இரண்டு கன்னங்களிலும் பட்டாம்பூச்சி சிறகு விரித்தது போல் சிவந்த தடிப்பு. வெயில் பட்டால் அதிகமாகும்.

அலுப்பும் மூட்டு வலியும் எந்த வீட்டில் இல்லை? அதனால்தான் ஏமாந்து போகிறார்கள். "வேலைக்குச் சோம்பல்" என்று பெயர் வாங்கிய மருமகள்களும் உண்டு! அதற்குள் வியாதி சிறுநீரகத்தில் புகுந்துவிடும். அங்கே வலி தெரியாது. கால் வீங்கலாம், சிறுநீர் நுரைக்கலாம். அதுகூட இல்லாமலும் இருக்கலாம். ஆனால் சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனை காட்டிக் கொடுத்துவிடும். அதற்குச் செலவும் குறைவு.

கண்டுபிடித்தது எப்படி?

1948-ல் அமெரிக்காவின் மேயோ ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹார்கிரேவ்ஸ் ஒரு விசித்திரத்தைப் பார்த்தார். எலும்பு மஜ்ஜையில் இருந்த ஒரு வெள்ளை அணு, இன்னொரு அணுவின் நடுக்கருவை விழுங்கியிருந்தது! லூப்பஸை ஆய்வுக்கூடத்தில் அடையாளம் காண முடிந்தது அதன் பிறகுதான்.

இன்று "ஏ.என்.ஏ." என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது. லூப்பஸ் வந்த அநேகமாக எல்லோருக்கும் இதில் தடயம் தெரியும். நோயே இல்லாத சிலருக்கும் தெரியும். ஆகையால் இதை மட்டும் பார்த்துவிட்டுப் பயப்படக் கூடாது. 2019-ல் ஐரோப்பிய, அமெரிக்க மூட்டு நோய் டாக்டர்கள், ஆராய்ச்சிக்காக, பரீட்சைக்குப் போடுவது போல் மார்க் வகுத்தார்கள். காய்ச்சலுக்கு 2, மூட்டு வீக்கத்துக்கு 6 என்று கூட்டி, 10 வந்தால் லூப்பஸ் என்று கொள்ளலாம்.

மலேரியா மாத்திரை

மருந்துகளில் பெரிய வேலை செய்வது ஒரு பழைய மாத்திரை. பெயர் ஹைட்ராக்சிகுளோரோகுயின். மலேரியா மருந்து வகையைச் சேர்ந்தது. 1955-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. லூப்பஸ் வந்தவர்களுக்கு டாக்டர்கள் இன்றும் முதலில் எழுதுவது இதைத்தான். கண்ணை மட்டும் காலா காலத்தில் சோதித்துக்கொள்ள வேண்டும்.

"லூப்பஸ் வந்தவள் பிள்ளை பெறக் கூடாது" என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். இப்போது, வியாதி 6 மாதம் அடங்கியிருந்தால், டாக்டர் மேற்பார்வையில் பலர் தாயாகிறார்கள். கர்ப்ப காலத்திலும் அந்த மாத்திரையை நிறுத்துவதில்லை.

அந்த மாத்திரைக்குப் பிறகு அரை நூற்றாண்டு வறட்சி. லூப்பஸுக்கென்றே அடுத்த புது மருந்து (பெலிமுமாப்) 2011-ல்தான் அமெரிக்காவில் அனுமதி பெற்றது! 2021-ல் இன்னும் இரண்டு வந்தன.

எர்லாங்கன் அதிசயம்

அதே 2021-ல் ஜெர்மனியில் எர்லாங்கன் நகரத்து டாக்டர்கள் துணிந்து ஒரு காரியம் செய்தார்கள். 20 வயதுப் பெண் ஒருத்திக்குச் சிறுநீரகம் கெட்டிருந்தது. எந்த மருந்தும் கேட்கவில்லை. அவள் ரத்தத்திலிருந்து "டி" அணுக்களை எடுத்தார்கள். ஆய்வுக்கூடத்தில் அவற்றுக்குப் புதுப் புத்தி புகட்டினார்கள். உடம்பைத் தாக்கும் பொருளை உற்பத்தி செய்வது "பி" அணுக்கள். அவற்றைத் தேடிப் பிடித்து அழிக்க வேண்டும் என்பதே அந்தப் புத்தி! திரும்ப உடம்பில் ஏற்றினார்கள். சில வாரங்களில் வியாதி அடங்கியது.

ரத்தப் புற்றுநோய்க்காக உண்டான சிகிச்சை இது. 2024-ல் அந்த டாக்டர்கள் 15 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார்கள். அவர்களில் 8 பேருக்கு லூப்பஸ். 8 பேருக்குமே வியாதி அடங்கியிருந்தது. வியாதியை அடக்கக் கொடுத்த மருந்துகளையும் நிறுத்திவிட்டார்கள். சில மாதங்களில் "பி" அணுக்கள் மறுபடி முளைத்தன. பழைய விஷமத்தை அவை செய்யவில்லை.

எட்டுப் பேரை வைத்து, "ஓநாய் செத்தது" என்று சொல்லிவிட முடியாது. செலவு மிக அதிகம். சிகிச்சையின்போது கடுங்காய்ச்சல் வருவதுண்டு. மற்ற கிருமிகள் தொற்றும் ஆபத்தும் இருக்கிறது. அதனால் பல நாடுகளில் நடந்துவரும் இந்தச் சோதனைச் சிகிச்சையில், வேறு மருந்துகள் கைவிட்டவர்களையே பெரும்பாலும் சேர்க்கிறார்கள்.